அழைப்பில்லா ஆட்டக்காரருக்கு ஒரு பாடம்



பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி கடந்த சில ஆண்டுகளில் மாறிவிட்டது. முன்பெல்லாம், "பையன் பந்து, பந்து என்று அலைகிறான், படிப்பு கெட்டுவிடுமா சார்?" என்பார்கள். இப்போதோ, "அமெரிக்காவில் படிக்கப் போகிறான், அங்கே காலேஜ் டீமில் ஆட இடம் கிடைக்குமா சார்?" என்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

கொல்கத்தாவில் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் வீட்டுப் பிள்ளைகள் இட்லி தின்று வளர்ந்தாலும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனுக்கும் மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் விலை ஏறும் ஊரில் வளர்கிறார்கள். பந்து அவர்கள் காலில் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்பது நாம் அறிந்த பல்கலைக்கழக விளையாட்டு போன்றதன்று. அதன் விதிகள் தெரியாமல் போனால் பணமும் மனமும் இரண்டும் நோகும். என் தங்கை மகளுக்காகவும், என்னிடம் பயின்ற இரண்டு மூன்று மாணவர்களுக்காகவும் இந்த விதிகளை உட்கார்ந்து படித்தேன். படித்ததைப் பாடமாக வகுத்துத் தருகிறேன். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து வாசித்தால் பயன் கூடும்.

பாடம் 1: வாக்-ஆன் என்பவர் யார்?

அமெரிக்காவில் நம் கால்பந்துக்கு 'சாக்கர்' என்று பெயர். கல்லூரியின் சாக்கர் கோச் தாமே தேடிப்போய், பள்ளிப் பருவத்திலேயே பேசி, விளையாட்டு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பிள்ளைகள் ஒரு வகை. அப்படி எந்த உதவித்தொகையும் இல்லாமல், தன் செலவில் கல்லூரியில் சேர்ந்து, அணியில் இடம் கேட்டு வருபவர் மற்றொரு வகை. இவரைத்தான் 'வாக்-ஆன்' என்கிறார்கள். தானாக நடந்து வந்து மைதானத்தில் நிற்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலும் இரண்டு தரம் உண்டு. முதலாவது 'பிரிஃபர்டு வாக்-ஆன்'. "உதவித்தொகை தர இயலாது, ஆனால் அணியில் உனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறோம்" என்று கோச் முன்கூட்டியே சொல்லியிருப்பார். இரண்டாவது, கல்லூரி திறந்த பிறகு நடக்கும் பொதுத் தேர்வுக்கு வந்து ஆடிக் காட்டுபவர். முதலாமவருக்குக் கதவு பாதி திறந்திருக்கிறது. இரண்டாமவர் கதவைத் தட்ட வேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: "ஆகஸ்ட் மாதம் வகுப்பு தொடங்குமுன் நடக்கும் அணிப் பயிற்சி முகாமுக்கு என் பெயர் உண்டா?" கல்லூரி சாக்கர் போட்டிகள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை நடக்கும். இறுதிச் சுற்று டிசம்பரில். ஆகவே ஆகஸ்ட் முதல் வாரங்களிலேயே அணி கூடிவிடும். அந்த முகாமுக்கு அழைப்பு உண்டென்றால் நீங்கள் பிரிஃபர்டு வாக்-ஆன். "வகுப்பு தொடங்கிய பின் வந்து பார்" என்றால் பொதுத் தேர்வுக்காரர். கடிதத்தில் எத்தனை இனிய சொற்கள் இருந்தாலும் இந்தக் கேள்விக்கு வரும் பதிலே உண்மை நிலை.

பாடம் 2: மூன்று பிரிவுகளும் புதிய வரம்பும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. 1973-ஆம் ஆண்டு முதல் அதில் மூன்று பிரிவுகள் உள்ளன. முதல் பிரிவில் பெரிய பல்கலைக்கழகங்கள், பெரிய செலவு, தொலைக்காட்சி, உதவித்தொகை எல்லாம் உண்டு. இரண்டாம் பிரிவில் உதவித்தொகை உண்டு, அளவு குறைவு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. எண்ணிக்கையில் பெரியது இந்த மூன்றாம் பிரிவுதான். இவை தவிர, சிறு கல்லூரிகளுக்கு என்.ஏ.ஐ.ஏ. என்ற அமைப்பும், ஈராண்டுக் கல்லூரிகளுக்கு என்.ஜே.சி.ஏ.ஏ. என்ற அமைப்பும் உள்ளன.

'மூன்றாம் பிரிவு' என்றதும் நம்மவர் முகம் சுருங்குகிறது. தேர்வில் மூன்றாம் வகுப்பு வாங்கியதுபோல் நினைத்துக்கொள்கிறார்கள். எம்.ஐ.டி., கால்டெக், சிகாகோ பல்கலைக்கழகம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னகி மெலன், நியூயார்க் பல்கலைக்கழகம் ஆகிய அனைத்தும் சாக்கரில் மூன்றாம் பிரிவில் ஆடுபவையே. 2022-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆண்கள் அணி மூன்றாம் பிரிவின் சாம்பியன் ஆயிற்று. அதன் கோச் ஜூலியான் சிட்ச் என்ற பெண்மணி. ஆண்கள் அணியை என்.சி.ஏ.ஏ. சாக்கர் பட்டத்துக்கு அழைத்துச் சென்ற முதல் பெண் கோச் அவரே. ஐவி லீக் எனப்படும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்கள் முதல் பிரிவில் ஆடினாலும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. உதவித்தொகை இல்லை என்றால் போட்டியும் இல்லை என்று பொருள் அன்று. மூன்றாம் பிரிவு கோச்சுகளும் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறார்கள். எல்லோருமே உதவித்தொகை இல்லாதவர்கள் என்பதால் வாக்-ஆனுக்கும் மற்றவருக்கும் இடையே இருக்கும் சுவர் அங்கே தாழ்வாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி எல்லோரும் கட்டாயம் அறிய வேண்டிய மாற்றம். முதல் பிரிவில் 2025 வரை சாக்கர் அணிக்கு உதவித்தொகை எண்ணிக்கையில்தான் வரம்பு இருந்தது. ஆண்கள் அணிக்கு 9.9, பெண்கள் அணிக்கு 14. பின்னமாக இருப்பது அச்சுப் பிழையன்று. ஒரு முழு உதவித்தொகையைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். ஆனால் அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. கோச் விரும்பினால் 35 பேரைக்கூட வைத்துக்கொள்ளலாம். கடைசி ஏழெட்டுப் பேர் வாக்-ஆன்களாக இருப்பார்கள்.

2025 ஜூன் 6-ஆம் தேதி அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 'ஹவுஸ்' வழக்கின் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி 2025 ஜூலை முதல், அந்த உடன்படிக்கையை ஏற்ற முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை வரம்பு போய், ஆள் வரம்பு வந்துவிட்டது. சாக்கரில் ஆணோ பெண்ணோ, ஓர் அணிக்கு 28 பேர். ஐவி லீக் போல ஏற்காதவற்றுக்கு இந்த வரம்பு இல்லை. முன்பே அணியில் இருந்து, இந்த வரம்பால் இடம் இழந்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் வைத்துக்கொள்ள விதிவிலக்கு உண்டு. ஆனால் வைத்துக்கொள்வதும் கொள்ளாததும் கல்லூரியின் விருப்பம்.

இது காகிதத்தில் மட்டும் நடந்த மாற்றமன்று. நம் லேக் மார்க்கெட் பக்கத்து நண்பர் ஒருவரின் மகன் 2024-இல் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்தான். பொதுத் தேர்வில் ஆடி, 33 பேர் கொண்ட அணியில் இடமும் பிடித்தான். மறு ஆண்டு 28 பேர் வரம்பு வந்ததும் ஐந்து பேர் வெளியே. அவர்களில் அவனும் ஒருவன். "பையன் மூன்று நாள் போனில் பேசவில்லை சார். ஆனால் படிப்பு நல்ல படிப்பு. அதனால் பிழைத்தோம்" என்றார் நண்பர். அவன் இப்போது அதே பல்கலைக்கழகத்தின் கிளப் அணியில் ஆடுகிறான். நண்பர் சொன்ன அந்தச் சொல்தான் அடுத்த பாடம்.

பாடம் 3: பந்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கல்லூரியைப் பார்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் பிள்ளை விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளை எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இந்தக் கேள்வி: "முதல் மாதமே முழங்கால் போய்விட்டால், அல்லது கோச் இடம் இல்லை என்று சொல்லிவிட்டால், இந்தக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் மகிழ்ச்சியாகப் படிப்பாயா?" பதிலைப் பெற்றோர் எழுதக்கூடாது, பிள்ளை எழுத வேண்டும். 'இல்லை' என்றால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். கோச் எத்தனை புகழ் பெற்றவராக இருந்தாலும் சரி.

உதவித்தொகைக்காரருக்குக் கல்லூரி பணம் போட்டிருக்கிறது. ஆகவே அவரைப் பொறுத்துப் பார்க்கும். வாக்-ஆனுக்குப் பணம் போட்டிருப்பவர் நீங்கள். சில தனியார் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு 85,000 டாலரைத் தாண்டுகிறது. மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்கவே முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். "டீமில் சேர்ந்துவிட்டால் பிறகு ஸ்காலர்ஷிப் வரும்" என்ற நம்பிக்கையில் வீட்டை அடகு வைக்காதீர்கள். சிலருக்கு வந்திருக்கிறது, உண்மைதான். வராது என்று கணக்குப் போட்டு, வந்தால் இலாபம் என்று கொள்வதே குடும்பத்துக்கு நல்லது.

அதே சமயம் விளையாட்டல்லாத உதவி உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் பல, மதிப்பெண்ணுக்காகவோ குடும்ப வருமானத்தைப் பார்த்தோ உதவுகின்றன. எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்றவை வெளிநாட்டு மாணவரின் வருமானத்தைப் பார்க்காமலே அனுமதி முடிவு செய்து, பிறகு தேவைக்கேற்ப உதவி தருகின்றன. அங்கே அனுமதி கிடைப்பது அரிது என்பது வேறு விஷயம்.

ஆண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பெரிய பல்கலைக்கழகத்திலும் ஆண்கள் சாக்கர் அணி கிடையாது! நம்மவர் பொறியியலுக்கு ஆசையோடு விண்ணப்பிக்கும் பர்டியூ, இல்லினாய் (அர்பானா-ஷாம்பெயின்), டெக்சஸ் (ஆஸ்டின்) ஆகிய மூன்றிலும் பெண்கள் அணி உண்டு, பல்கலைக்கழக ஆண்கள் அணி இல்லை. 1972-இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க முறைக் கால்பந்து அணியே நூறு பேரைத் தாண்டிவிடுவதால், மற்ற விளையாட்டுகளில் பெண்கள் அணியைத் தொடங்கிச் சமன் செய்தார்கள். செலவும் ஒரு காரணம். விளைவு என்னவென்றால், முதல் பிரிவில் பெண்கள் சாக்கர் அணிகள் முந்நூறுக்கு மேல், ஆண்கள் அணிகள் இருநூறு சொச்சம். விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் அணி இருக்கிறதா என்று பாருங்கள்.

பல்கலைக்கழக அணி இல்லாத இடத்திலும் 'கிளப்' அணி இருக்கும். மாணவர்களே நடத்துவது, தேர்வு வைத்துச் சேர்ப்பது, பிற கல்லூரிகளோடு போட்டியிடுவது. பெரிய பல்கலைக்கழகங்களில் கிளப் ஆட்டத்தின் தரம் நாம் நினைப்பதைவிட மிக உயர்வு. அதற்கும் கீழே, விடுதிக்கு விடுதி ஆடும் உள்விளையாட்டு. பந்தை விட்டுவிடும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

பாடம் 4: பட்டியலைப் படிக்கும் கலை

மூன்றாம் பாடத்தில் தேறிய கல்லூரிகளுக்கு மட்டும் இந்தப் பாடம். ஒவ்வொரு கல்லூரியும் தன் அணியின் பட்டியலை வெளியிடுகிறது. ஆட்டக்காரர் பெயர், ஆடும் இடம், உயரம், எந்த ஆண்டு மாணவர் என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்று கணக்குகள் போட வேண்டும்.

முதல் கணக்கு, இடம். உங்கள் பெண் இடப்பக்க டிஃபெண்டர் என்றால், அந்த இடத்தில் எத்தனை பேர்? அவர்களில் இறுதியாண்டு மாணவிகள் எத்தனை பேர்? இவள் சேரும்போது எத்தனை பேர் மீதி இருப்பார்கள்? கோல்கீப்பராக இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. மூன்று பேர் இருந்தாலும் ஆடுவது ஒருவர்தான்.

இரண்டாம் கணக்கு, வரவு. முந்தைய மூன்று ஆண்டுப் பட்டியல்களையும் பாருங்கள். முதலாண்டில் இருந்த பெயர்கள் மூன்றாம் ஆண்டில் இருக்கின்றனவா? பாதிப் பேர் மறைந்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். மற்ற கல்லூரிகளிலிருந்து எத்தனை பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றும் எண்ணுங்கள். 2018-இல் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. 2024 முதல் முதல் பிரிவில் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்றாயிற்று. பதினெட்டு வயதுப் பிள்ளையின் இடத்துக்கு, இரண்டாண்டு அனுபவம் உள்ள இருபது வயதுக்காரர் வந்துவிடுகிறார். ஆண்கள் அணிகளில் ஐரோப்பிய நாடுகளின் கிளப்புகளில் பயின்று வருபவர்களும் நிறைய.

மூன்றாம் கணக்கு, நிமிடம். இதுதான் நான் மிகவும் நம்பும் கணக்கு. ஓர் ஆட்டம் 90 நிமிடம், களத்தில் 11 பேர். ஆக ஓர் ஆட்டத்துக்கு 990 ஆட்ட நிமிடங்கள். ஒரு பருவத்துக்கு 18 ஆட்டங்கள் என்று வைத்தால் 17,820 நிமிடங்கள். கல்லூரியின் ஆட்டக் குறிப்புகளில் யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்பது இருக்கும். அதிகம் ஆடிய 11 பேரின் நிமிடங்களைக் கூட்டி, மொத்தத்திலிருந்து கழியுங்கள்.

உதாரணத்துக்கு இரண்டு கற்பனை அணிகள், இரண்டிலும் 28 பேர். 'அ' அணியில் முதல் 11 பேர் 15,000 நிமிடங்களை எடுத்துக்கொண்டார்கள். மீதி 2,820 நிமிடம், 17 பேருக்கு. சராசரி 166 நிமிடம். மூன்று மாத உழைப்புக்கு இரண்டு முழு ஆட்டம்கூட இல்லை. 'ஆ' அணியில் முதல் 11 பேர் எடுத்தது 11,800. மீதி 6,020 நிமிடம். சராசரி 354. ஏறக்குறைய நான்கு ஆட்டம். வாக்-ஆனுக்குச் சராசரிக்கும் குறைவாகத்தான் கிடைக்கும் என்றாலும், எந்தக் கோச் பெஞ்சை நம்புகிறார் என்பது தெரிந்துவிடும்.

கல்லூரி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர் விதி நாம் உலகக் கோப்பையில் பார்ப்பதைவிடத் தாராளம். முதல் பாதியில் வெளியே வந்தவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது. இரண்டாம் பாதியில் வெளியே வந்தவர் ஒரு முறை திரும்பலாம். ஆகவே பெஞ்சைப் பயன்படுத்த விரும்பும் கோச்சுக்கு விதி தடையில்லை. அவர் பயன்படுத்தவில்லை என்றால் அது அவர் வழக்கம். உங்கள் பிள்ளைக்காக அவர் அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது சரியன்று.

பாடம் 5: கோச்சுக்குக் கடிதம்

கடிதத்தைப் பிள்ளை எழுத வேண்டும். அப்பா எழுதிய கடிதம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பெயர், பிறந்த ஆண்டு, எந்த ஆண்டு சேரப்போகிறார், ஆடும் இடம், மதிப்பெண், படிக்க விரும்பும் பாடம், ஆடிய போட்டிகள் ஆகியவை போதும். சுப்ரதோ கோப்பையில் ஆடியிருந்தால், அது இந்தியப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்று ஒரு வரியில் விளக்குங்கள். அங்குள்ளவருக்குத் தெரியாது. நாலைந்து நிமிட வீடியோவோடு, வெட்டாத ஒரு முழு ஆட்டத்தின் வீடியோவும் அனுப்புங்கள். கோல் போடுவதை மட்டும் அல்ல, பந்து இல்லாதபோது பிள்ளை எங்கே நிற்கிறார் என்பதையும் கோச் பார்ப்பார்.

முதல் பிரிவு சாக்கர் கோச்சுகள், பத்தாம் வகுப்பு முடிந்த ஆண்டின் ஜூன் 15-க்குப் பிறகுதான் மாணவரோடு நேரடியாகப் பேசவும் எழுதவும் விதி அனுமதிக்கிறது. அதற்கு முன் எழுதிப் பதில் வராவிட்டால் மனம் உடைய வேண்டாம். அதேபோல், "எங்கள் கோடைக்கால முகாமுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்று வரும் கடிதத்தைக் கண்டு இனிப்பு வழங்கவும் வேண்டாம். அது பெரும்பாலும் கட்டணம் கட்டிச் சேரும் முகாமுக்கான விளம்பரம். "நிச்சயம் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்" என்று முன்பணம் கேட்கும் தரகர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

பதில் எழுதும் கோச்சிடம் கேட்க வேண்டியவை இவை:

1. ஆகஸ்ட் முகாமுக்கு எனக்கு அழைப்பு உண்டா, அல்லது பொதுத் தேர்வுக்கு வர வேண்டுமா?
2. உங்கள் அணிக்கு ஆள் வரம்பு உண்டா? இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?
3. சென்ற மூன்று ஆண்டுகளில் பொதுத் தேர்வில் எத்தனை பேரை எடுத்தீர்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் அணியில் இருக்கிறார்கள்?
4. நான் ஆடும் இடத்துக்கு அடுத்த ஆண்டு யார் யாரைச் சேர்க்கிறீர்கள்?
5. வெளியூர் ஆட்டங்களுக்கு வாக்-ஆன்களும் பயணம் செய்வார்களா?
6. மாலையில் ஆய்வகம் உள்ள பாடங்களைப் படிப்பவர்கள் அணியில் இருக்கிறார்களா? பயிற்சி நேரத்தோடு எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஆறாவது கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். முதல் பிரிவில் பருவக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை பயிற்சி வைக்கலாம் என்பது விதி. பயண நேரம் அதில் சேராது.

நேரான பதில் தரும் கோச், "இடம் இல்லை" என்றாலும், நமக்கு நன்மை செய்கிறார். "நீ வந்தால் மிக்க மகிழ்ச்சி" என்று மட்டும் எழுதி எண்ணிக்கையைத் தவிர்ப்பவரின் கடிதத்தைப் பொதுத் தேர்வு என்றே கணக்கில் வையுங்கள்.

பாடம் 6: காகிதங்கள்

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மதிப்பெண் பட்டியல்கள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். முதல், இரண்டாம் பிரிவுகளில் ஆட என்.சி.ஏ.ஏ.யின் தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் முதலியவற்றில் 16 அடிப்படைப் பாடங்கள் தேவை. நான்குக்கு 2.3 என்ற சராசரி முதல் பிரிவுக்கும், 2.2 இரண்டாம் பிரிவுக்கும் வேண்டும். 2023 முதல் இந்தத் தகுதிக்கு எஸ்.ஏ.டி. தேர்வு தேவையில்லை. ஆனால் எம்.ஐ.டி. போன்ற கல்லூரிகள் அனுமதிக்கு அதைக் கேட்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்தப் பிரிவானாலும் கல்லூரியின் விளையாட்டு விதிமுறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுவது உத்தமம். இங்கே ஏதாவது கிளப்போடு ஒப்பந்தமோ, ஆடியதற்குப் பணமோ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவப் பரிசோதனைச் சான்று வேண்டும். அரிவாள் அணு எனப்படும் 'சிக்கிள் செல்' இரத்தப் பரிசோதனை முடிவும் கேட்பார்கள். இங்கேயே செய்துகொண்டு போனால் அங்கே பொதுத் தேர்வு நாளில் வாசலில் நிற்க வேண்டாம்.

மாணவர் விசாவான எஃப்-1 உள்ளவர், ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்புதான் அமெரிக்காவுக்குள் நுழைய முடியும். ஆகஸ்ட் முகாமுக்கு அழைப்பு இருந்தால், அதற்கேற்பத் தேதி போடச் சொல்லிக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு முன்பே எழுதுங்கள். கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்கள் என்ற செய்தி 2021 முதல் வருகிறது. எஃப்-1 விசாக்காரருக்கு வேலை பார்ப்பதில் கட்டுப்பாடுகள் உள்ளன. அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

என் தங்கை மகளின் கணக்கு

பாடத்தை ஒரு மெய்யான கணக்கோடு முடிக்கிறேன். என் தங்கை மகள் இடப்பக்க டிஃபெண்டர். உயிரியல் படிக்க ஆசை. 2024-இல் அவளுக்கு இரண்டு அனுமதிக் கடிதங்கள் வந்தன. ஒன்று முதல் பிரிவில் ஆடும் பெரிய பல்கலைக்கழகம். கோச்சின் பதில், "செமஸ்டர் தொடங்கியதும் பொதுத் தேர்வுக்கு வா" என்பது. மற்றது மூன்றாம் பிரிவில் உள்ள ஒரு சிறு கல்லூரி. மதிப்பெண்ணுக்காகக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்திருந்தார்கள். அந்தக் கோச், "உன் இடத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி அடுத்த ஆண்டு முடித்துவிடுவாள். முகாமுக்கு வா. முதலாண்டு பெரும்பாலும் பெஞ்சில்தான்" என்று எழுதியிருந்தார்.

"மாமா, டிவிஷன் ஒன்னுலதான் ஆடணும்னு ஏழு வருஷமா நெனச்சிருக்கேன்" என்றாள். என் தங்கை ஒன்றும் பேசவில்லை. நான் தாளைக் கொடுத்து மூன்றாம் பாடத்துக் கேள்வியை எழுதச் சொன்னேன். பந்து இல்லாமல் எங்கே நான்கு ஆண்டுகள் இருப்பாய்? இரவு முழுவதும் எழுதவில்லை. மறுநாள் காலையில் சிறு கல்லூரியின் பெயரை எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: "இங்கே பேராசிரியரோடு முதலாண்டிலேயே ஆய்வகத்தில் வேலை செய்யலாமாம்."

முதலாண்டு ஏழு ஆட்டங்களில் மொத்தம் 64 நிமிடம் ஆடினாள். இரண்டு முறை அழுதுகொண்டு போன் செய்தாள். 2025 பருவத்தில் மூத்தவள் முடித்துப் போன பிறகு, ஆறு ஆட்டங்களில் முதலிலிருந்தே களம் இறங்கினாள். இது பெரிய வெற்றிக் கதை அன்று. பத்திரிகையில் படம் வரவில்லை. ஆனால் 64 நிமிடம் கிடைத்த ஆண்டிலும் கல்லூரியை விட்டு வந்துவிடுகிறேன் என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. தேர்வு சரியாக அமைந்தது என்பதற்கு எனக்கு அது போதும்.

பயிற்சி

பிள்ளைகள் விடை எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை:

1. நீ விரும்பும் ஐந்து கல்லூரிகளில் எத்தனையில் உன் அணி உண்டு? எந்தப் பிரிவு?
2. அவற்றில் ஒன்றின் பட்டியலை எடுத்து, நீ ஆடும் இடத்தில் நீ சேரும் ஆண்டில் மீதி இருப்போரை எண்ணு.
3. அதே அணியின் ஆட்ட நிமிடக் கணக்கைப் போடு. அது 'அ' அணியா, 'ஆ' அணியா?
4. பந்து இல்லாமலும் நீ போக விரும்பும் கல்லூரி எது? காரணத்தை மூன்று வரியில் எழுது.

நான்காம் கேள்விக்கு விடை வராதவர்கள் மற்ற மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு அதையே முதலில் யோசிக்கட்டும். கணக்கில் ஐயம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் சங்க நூலகத்துக்கு வரலாம். பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து எண்ணுவோம். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அவர் இல்லாமல் அந்தக் கணக்கு முடியாது.